பாட்டுக்கு விலை குடுத்தது யார்? லூவின் சகோதரர்களைக் கேட்பது பற்றி

உலகத்தின் மிக மோசமான அல்பம் அட்டைகள் எண்டு இணையத்தில யாராவது பட்டியல் போட்டால், ஒரு படம் அதில அனேகமாக இருக்கும். வெள்ளை சூட் போட்ட ரெண்டு ஆம்பிளையள் கையை விரிச்சுக்கொண்டு நிற்கினம். பின்னால நெருப்பு எரியுது. அதுக்கும் பின்னால கொம்பு வைச்ச ஒரு பெரிய சிவப்புப் பிசாசு. பலகையில வெட்டி நிறம் அடிச்சது எண்டு பார்த்த உடனே தெரியும். 1959இல் வந்த ‘சேட்டன் இஸ் ரியல்’ அல்பத்தின் அட்டை அது. சாத்தான் நிஜம் எண்டு அர்த்தம். அந்தப் பன்னிரண்டு அடிப் பிசாசைச் செய்தது படத்தில நிற்கிற ரெண்டு பேரில் ஒருவரான ஐரா லூவின். கல்லுடைக்கிற குவாரி ஒன்றில் பழைய டயர்களுக்கு மண்ணெண்ணெய் ஊத்திக் கொளுத்தி, மழை தூறத் தொடங்கின நேரத்தில அவசர அவசரமாக எடுத்த படம்.

சிரிப்பு வரத்தான் செய்யும். ஆனால் அந்த அல்பத்தை ஒருக்கா போட்டுக் கேட்டால் சிரிப்பு நிண்டுபோகும். ஏனெண்டால் அதில பாடுற ரெண்டு பேரும் பகிடி விடவில்லை. குறிப்பாக ஐராவுக்கு நரகம் எண்டது ஒரு உவமை இல்லை. தான் போகப்போற இடம் எண்டு அவர் உண்மையாகவே பயந்திருந்தார்.

ஐரா லூவின், சார்லி லூவின் எண்ட இந்த அண்ணன் தம்பியைப் பற்றி நாங்கள் எழுதுறதுக்கு ஒரு காரணம் இருக்கு. கலைஞர்களின் தனிப்பட்ட வாழ்க்கை பற்றிய கதை வரேக்க எங்கட நண்பர் வட்டங்களில ரெண்டு கட்சி பிரியும். ஒரு கட்சி, “ஆளைப் பாக்காத, படைப்பைப் பார்” எண்டு சொல்லும். மற்றக் கட்சி, “ஆள் சரியில்லை, படைப்பைத் தூக்கி எறி” எண்டு சொல்லும். ரெண்டுக்கும் நடுவில ஒரு வசனம் எப்பவும் சத்தமில்லாமல் வந்து குந்திக்கொள்ளும்: “கலைஞன் எண்டா அப்பிடித்தான்.” லூவின் சகோதரர்களின் கதை இந்த வசனத்தைச் சோதிச்சுப் பார்க்க நல்ல இடம். ஏனெண்டால் இங்க கலைஞன் ஒருத்தன் இல்லை, ரெண்டு பேர். ஒருத்தர் குடிச்சார், அடிச்சார், உடைச்சார். மற்றவர் பக்கத்தில நிண்டு பாடினார்.

அமெரிக்காவின் தெற்கு மாநிலமான அலபாமாவில, சாண்ட் மவுண்டன் எண்ட மலைப்பிரதேசத்தில பருத்தி செய்கிற ஒரு குடும்பத்தில பிறந்தவை இவை. ஐரா 1924, சார்லி 1927. உண்மையான குடும்பப் பெயர் லௌடர்மில்க். மேடைக்கு அது வாயில நுழையாது எண்டு லூவின் எண்டு மாத்தினவை. தகப்பன் பான்ஜோ வாசிப்பார். தாயின் பக்கத்து ஆட்கள் ‘சேக்ரட் ஹார்ப்’ எண்ட தேவாலயப் பாடல் முறையில ஊறினவர்கள். வாத்தியம் எதுவும் இல்லை. பாடுறவர்கள் நாலு பக்கமும் சதுரமாக, ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தபடி இருந்து, நாலு குரல் வரிசையில உரத்துப் பாடுவினம். கேட்க வாற ஆட்களுக்காகப் பாடுறது இல்லை அது, பாடுற ஆட்களுக்காகவே பாடுறது. இந்தப் பெடியள் ரெண்டு பேரும் ஹார்மனி படிச்சது பள்ளிக்கூடத்தில இல்லை, இந்தச் சதுரத்துக்குள்ளதான்.

தகப்பன் மூத்தவனை மோசமாக அடிப்பார் எண்டு சார்லி பின்னாளில தன் நினைவுக்குறிப்பில எழுதியிருக்கிறார். அந்தப் புத்தகம் சார்லி இறந்த பிறகு, 2012இல் வெளிவந்தது. அண்ணன் அடி வாங்கிறதைப் பார்த்து வளர்ந்த தம்பி எழுதின புத்தகம். ஐராவை நாங்கள் ஒரு அரக்கனாகக் கீறப் போறதில்லை. அவருக்குள்ள என்ன உடைஞ்சு கிடந்தது எண்டு அந்தப் புத்தகத்தை வாசிக்கிற எவருக்கும் விளங்கும். ஆனால் விளங்கிறது வேற, கணக்கைத் தள்ளுபடி செய்யிறது வேற.

முதல்ல அவர்கள் என்ன செய்தார்கள் எண்டு பாப்பம். எங்கட பாட்டுகளில ரெண்டு பேர் சேர்ந்து பாடினால் பெரும்பாலும் ரெண்டு பேரும் ஒரே மெட்டைத்தான் பாடுவினம், இல்லாட்டி மாறி மாறிப் பாடுவினம். ஹார்மனியில ரெண்டு பேரும் ஒரே நேரத்தில, ஒரே சொல்லை, வெவ்வேறு சுரத்தில பாடோணும். ஒரு குரல் மெட்டைப் பிடிக்க, மற்றக் குரல் அதுக்கு மேலயோ கீழயோ ஒட்டிக்கொண்டு போகும். அமெரிக்கத் தெற்கில இப்பிடிப் பாடின அண்ணன் தம்பிச் சோடிகள் இவர்களுக்கு முதலே இருந்தவை. டெல்மோர் சகோதரர்கள், மன்ரோ சகோதரர்கள், புளூ ஸ்கை போய்ஸ் எண்டு ஒரு வரிசையே இருக்கு. லூவின் சகோதரர்கள் அந்த வரிசையின் கடைசியில வந்தவை. கடைசியில வந்து, எல்லாரையும் விட உயரத்துக்குக் கொண்டுபோனவை.

ஐரா மன்டலின், சார்லி கிற்றார். ஐராவின் குரல் கண்ணாடி மாதிரி மெல்லிசாக, பயப்பிடுத்திற உயரத்துக்குப் போகும். சார்லியின் குரல் கீழ, சூடாக, நிலத்தில கால் ஊண்டி நிற்கும். மெட்டைப் பெரும்பாலும் சார்லி பாட, ஐரா அதுக்கு மேல பறப்பார். ஆனால் மெட்டு சார்லிக்கு எட்டாத உயரத்துக்கு ஏறேக்க, பாட்டின்ர நடுவில, ஒரு வரியின்ர நடுவிலகூட, ரெண்டு பேரும் இடம் மாறுவினம். மெட்டை ஐரா வாங்குவார், சார்லி கீழ இறங்கி ஹார்மனியைப் பிடிப்பார். கண்ணைக் காட்டுறது, காலை மிதிக்கிறது எதுவும் இல்லை. கேட்கிற எங்களுக்கு எந்த இடத்தில மாறினது எண்டே பிடிபடாது. முதல் குரல் எது, ரெண்டாவது குரல் எது எண்டு பிரிக்க ஏலாது. இதை மனசில வைச்சிருங்கோ, பிறகு தேவைப்படும்.

1952இல் கப்பிட்டல் நிறுவனத்தோட ஒப்பந்தம். தொடக்கத்தில கோஸ்பல் பாட்டு மட்டும்தான். நடுவில சார்லி இராணுவத்தில கொரியாவுக்குப் போகவேண்டி வந்ததால ஒரு இடைவெளி. கன்ட்ரி இசைக்காரர் எல்லாருக்கும் கனவு மேடையான நாஷ்வில் நகரத்துக் ‘கிராண்ட் ஓல் ஒப்ரி’ வானொலி நிகழ்ச்சி, கனதரம் கதவைச் சாத்தின பிறகு 1955இல் அவர்களை எடுத்தது. அதே வருசம் காதல் பாட்டுகளும் பாடத் தொடங்கிச்சினம். ‘வென் ஐ ஸ்டொப் ட்ரீமிங்’ பெரிய வெற்றி. அடுத்த வருசம் ‘ஐ டோன்ட் பிலீவ் யூ’வ் மெட் மை பேபி’ கன்ட்ரி பட்டியலில முதலாம் இடம். அவர்களுக்குக் கிடைச்ச ஒரேயொரு முதலாம் இடமும் அதுதான்.

ஏன் ஒண்டே ஒண்டு? வழமையான பதில், ரொக் அண்ட் ரோல் வந்திட்டுது எண்டது. அது உண்மைதான். 1956க்குப் பிறகு மன்டலினும் மலைநாட்டு ஹார்மனியும் இளம் ஆட்களுக்குப் பழசாகத் தெரிஞ்சுது. கப்பிட்டல் தயாரிப்பாளர் கென் நெல்சன், விற்பனை குறையிறதுக்கு உங்கட மன்டலினும் ஒரு காரணமாக இருக்கலாம் எண்டு ஐராவுக்குச் சொன்னார். ஐரா அந்தச் சொல்லில இருந்து மீளவே இல்லை எண்டது சார்லியின் சாட்சி.

ஆனால் காலம் மாத்திரம் இல்லை. சார்லி பல தடவை சொன்ன இன்னொரு சம்பவம் இருக்கு. ஐம்பதுகளின் நடுப்பகுதியில எல்விஸ் பிரெஸ்லி இவர்களோட ஒரே மேடைகளில பாடினவர். எல்விசுக்கு இவர்களின் கோஸ்பல் பாட்டெண்டால் உயிர். ஒரு நாள் மேடைக்குப் பின்னால பியானோவில ஒரு பக்திப் பாட்டைத் தட்டிப்போட்டு, இதுதான் எனக்கு உண்மையிலயே பிடிச்ச இசை எண்ட கருத்தில எல்விஸ் கதைச்சிருக்கிறார். அப்ப ஐரா, பிறகு ஏன் மேடையில அந்தக் குப்பையைப் பாடுறாய் எண்டு பாய்ஞ்சார். அதோட கறுப்பின மக்களை இழிவுபடுத்திற ஒரு சொல்லையும் சேர்த்துத் திட்டினார். கறுப்பர்களின்ர இசையைப் பாடின ஒரு வெள்ளைக்காரப் பெடியனுக்கு எறிஞ்ச சொல் அது. கோபத்தில வந்த வார்த்தை எண்டு விட ஏலாது. எந்த மக்களைக் கீழ வைச்சு அவர் உலகத்தைப் பார்த்தார் எண்டதை அது காட்டுது. எல்விஸ் தன் வாழ்நாளில கனக்கக் கோஸ்பல் பாட்டுகளை ஒலிப்பதிவு செய்தார். லூவின்களின்ர பாட்டு ஒண்டைக்கூடத் தொடவில்லை. அந்த இழப்பில பாதி சார்லியின்ர பங்கு. அந்தச் சொல்லைச் சார்லி சொல்லவில்லை.

குடி ஏறஏற நிலைமை மோசமானது. சுருதி சேராட்டி மேடையிலயே மன்டலினை அடிச்சு உடைப்பார். சபையோரோட சண்டை. நாலு கலியாணம். மூன்றாவது மனைவியின் கழுத்தைத் தொலைபேசி வயரால நெரிக்கப் போக, அவ துவக்கை எடுத்து ஐராவைப் பல தடவை சுட்டா எண்டதுதான் பரவலாகச் சொல்லப்படுகிற விபரம். ஐரா உயிர் தப்பினார். கன்ட்ரி இசை பற்றி எழுதிறவர்கள் கனபேர் இதை ஒரு முசுப்பாத்திக் கதை மாதிரித்தான் எழுதுவினம்: “பாருங்கோ, எப்பேர்ப்பட்ட காட்டு மனிசன்!” நாங்கள் அப்பிடி வாசிக்க மாட்டம். ஒரு பொம்பிளை தன்ர வீட்டுக்குள்ள உயிரோட இருக்கிறதுக்குத் துவக்கைத் தூக்கவேண்டி வந்தது எண்டதுதான் அந்தக் கதை.

இந்த இடத்தில ‘நொக்ஸ்வில் கேர்ள்’ பாட்டைப் பற்றிச் சொல்லாமல் போக ஏலாது. 1956இல் வந்த ‘ட்ராஜிக் சோங்ஸ் ஒஃப் லைஃப்’ அல்பத்தில இருக்கிற பாட்டு. இவர்கள் எழுதினது இல்லை. பிரித்தானியாவில இருந்து குடியேறின ஆட்களோட கடல் தாண்டி வந்த பழைய கதைப்பாட்டு. ஒருத்தன் தன் காதலியோட உலாவப் போய், காரணம் எதுவும் இல்லாமல் அவளை அடிச்சுக் கொண்டு ஆத்தில போடுறான். பாட்டு முழுக்கத் தேடினாலும் ஏன் எண்டதுக்குப் பதில் இல்லை. அதை ரெண்டு சகோதரர்களும் தாலாட்டு மாதிரி இனிமையாகப் பாடுகினம். அந்த இனிமைதான் பயங்கரம். அந்தப் பாட்டால ஐரா கெட்டுப்போனார் எண்டு சொல்லுறது முட்டாள்தனம். ஆனால் அவரின்ர வீட்டில நடந்ததைத் தெரிஞ்சுகொண்டு அதைக் கேட்கேக்க, இது தூர தேசத்துப் பழங்கதை எண்டு ஆறுதல்பட எங்களால முடியேல்லை. முடியக்கூடாது எண்டும் நினைக்கிறம்.

அப்ப ஐரா ஒரு கபடதாரியா? பகலில பக்திப் பாட்டு, இரவில விஸ்கி. ‘சேட்டன் இஸ் ரியல்’ அல்பத்திலயே குடிகாரனின்ர அழிவைப் பற்றி ஒரு பாட்டு, முழந்தாளிட்டு அழுகிற குடிகாரனைப் பற்றி இன்னொண்டு. கபடம் எண்டு முத்திரை குத்திறது லேசு. நாங்கள் அப்பிடி நினைக்கேல்லை. கபடதாரி தான் நல்லவன் எண்டு நடிப்பான். ஐரா அப்பிடி நடிக்கேல்லை. தான் பாட்டுக்காரனாகாமல் போதகராகியிருக்க வேணும், கடவுளின்ர அழைப்பைத் தட்டிக்கழிச்சிட்டன் எண்ட குற்றவுணர்வோடதான் அவர் வாழ்ந்தார் எண்டு அவரை அறிஞ்சவர்கள் சொல்லுவினம். அந்த உச்சக் குரலில கேட்கிறது உபதேசம் இல்லை, பயம். அதாலதான் கடவுள் நம்பிக்கை இல்லாத ஆட்களையும் அந்தப் பாட்டுகள் பிடிச்சு உலுப்புது.

ஆனால் இதிலயும் ஒரு பொறி இருக்கு. குற்றவுணர்வு எண்டது அழகாகப் பாடக்கூடிய ஒரு பொருள். ஐராவின் குற்றவுணர்வு எங்களுக்கு அருமையான பாட்டுகளாக வந்து சேர்ந்தது. வீட்டில இருந்தவர்களுக்கும் பக்கத்தில நிண்ட தம்பிக்கும் அது என்னவாக வந்து சேர்ந்தது? மனம் வருந்தி அழுகிற பாட்டைக் கேட்டு நாங்கள் உருகிற நேரத்தில, அடி வாங்கின ஆளுக்கு அந்த வருத்தத்தால ஒரு சதத்துப் பிரயோசனமும் இல்லை. “கலைஞன் எண்டா அப்பிடித்தான்” எண்ட வசனத்தைப் பெரும்பாலும் சொல்லுறது பாட்டை வாங்கின ஆள். விலை குடுத்த ஆள் அதைச் சொல்லி நாங்கள் கேட்டது குறைவு.

இந்த வசனத்துக்குப் பின்னால ஒரு நம்பிக்கை ஒளிஞ்சிருக்கு. குடி, வெறி, அடாவடி எல்லாம் திறமையின்ர மற்றப் பக்கம், அதுகள் இல்லாட்டித் திறமையும் இல்லை எண்டது. லூவின்களின்ர கதையில இது சுத்தப் பொய். ஐராவுக்கு அந்தக் குரலைக் குடுத்தது விஸ்கி இல்லை. தாய்வழி ஆட்களின்ர தேவாலயப் பாட்டு குடுத்தது. பருத்தித் தோட்டத்துப் பெடியளாக இருந்த காலத்தில இருந்து வருசக்கணக்காகத் தம்பியோட சேர்ந்து பாடின பழக்கம் குடுத்தது. விஸ்கி செய்ததெல்லாம் எடுத்துக்கொண்டு போனதுதான். எல்விசின் நட்பை, மன்டலின்களை, கலியாணங்களை, கடைசியில தம்பியையும் எடுத்துக்கொண்டு போனது.

1963 ஓகஸ்டில் சார்லி, காணும் எண்டு முடிவெடுத்தார். சோடி பிரிஞ்சது. பிரிஞ்சு ரெண்டு வருசத்துக்குள்ள, 1965 ஜூன் 20ஆம் திகதி, மிசூரி மாநிலத்தில நடந்த கார் விபத்தில ஐராவும் நாலாவது மனைவியும் இறந்துபோச்சினம். ஐராவுக்கு 41 வயது. மோதின காரை ஓட்டினவர் குடிச்சிருந்தார். குடிச்சிட்டுக் கார் ஓட்டின குற்றத்துக்காக ஐராவைக் கைது செய்ய அந்த நேரம் ஒரு பிடியாணையும் இருந்தது. இதில நீதி தேட வேண்டாம். அதை விட்டிடுவம்.

சார்லி பிரிஞ்சது சரியா? லூவின் ரசிகர்கள் கனபேருக்கு இந்தக் கேள்வி வலிக்கும். ஏனெண்டால் உண்மையைச் சொல்லோணும்: சார்லி தனியப் பாடின பாட்டுகள் அந்த உயரத்துக்கு வரேல்லை. 1964இல் ‘ஐ டோன்ட் லவ் யூ எனிமோர்’ முதல் பத்துக்குள்ள வந்தது. நல்ல பாட்டுத்தான். ஆனால் கேட்கேக்க, மேல இருக்கவேண்டிய குரலை எங்கட காது தேடும். சார்லி இருந்திருந்தால், பொறுத்திருந்தால், இன்னும் ரெண்டு அல்பமாவது வந்திருக்கும் எண்டு நினைக்கிறவர்கள் இருக்கினம்.

எங்கட நிலைப்பாடு தெளிவு. சார்லி செய்தது சரி. அந்த ரெண்டு அல்பமும் வராமல் போனதும் சரி. ஒரு மனிசன் தன்ர வாழ்க்கையைக் குடுத்து எங்களுக்குப் பாட்டு வாங்கித் தரவேணும் எண்டு கேட்கிற உரிமை எந்த ரசிகருக்கும் இல்லை. பாட்டு எவ்வளவு உயர்ந்தது எண்டாலும் இல்லை.

அதுக்காகப் பாட்டைத் தூக்கி எறிய வேணுமோ? இல்லை. எறிஞ்சால் ஐராவை மட்டும் எறியிறதில்லை, சார்லியையும் சேர்த்து எறியிறம். இங்கதான் முதல்ல சொன்ன விசயம் தேவைப்படுது. அந்தப் பாட்டுகளில எது முதல் குரல், எது ரெண்டாம் குரல் எண்டு பிரிக்க ஏலாது. ஐரா அந்த உயரத்தில பறந்தது கீழ ஒருத்தர் அசையாமல் நிண்டதாலதான். கீழ் குரலை எடுத்திட்டால் மேல் குரல் வெறும் ஓலம். ஆனாலும் எழுதுறவர்கள் ஐராவை மேதை எண்டும் சார்லியைத் தம்பி எண்டும்தான் எழுதினவை. ஒழுங்காக வாறது, நேரத்துக்கு நிற்கிறது, மற்றவர் எங்க போவார் எண்டு கவனிச்சு இடம் விடுறது, இதுகளை நாங்கள் திறமை எண்டு எண்ணிப் பழகேல்லை. லூவின் பாட்டுகளை ஒழுங்காகக் கேட்டால் இந்தப் பழக்கம் உடையும்.

அந்த இசை பிறகும் பிழைச்சுக்கொண்டது. எவர்லி சகோதரர்கள் இவர்களிட்டப் படிச்சவை. 1968இல் ‘த பேர்ட்ஸ்’ குழு ‘ஸ்வீட்ஹார்ட் ஒஃப் த ரோடியோ’ அல்பத்தில ‘த கிறிஸ்டியன் லைஃப்’ பாட்டைப் பாடினது. 1975இல் எமிலு ஹரிஸ் ‘இஃப் ஐ குட் ஒன்லி வின் யுவர் லவ்’ பாட்டைப் பாடி முதல் பெரிய வெற்றியைக் கண்டா. 2001இல் லூவின் சகோதரர்கள் கன்ட்ரி இசையின் புகழ் மண்டபத்தில சேர்க்கப்பட்டவை. அதைப் பார்க்கச் சார்லி மட்டும்தான் மிச்சம் இருந்தார். அவர் 2011 ஜனவரியில், 83 வயதில இறந்தார், கிட்டத்தட்ட கடைசி வரைக்கும் பாடிக்கொண்டு.

வயது போன காலத்து நேர்காணல் ஒன்றில சார்லி சொன்ன ஒரு விசயம் இருக்கு. அண்ணனும் தானும் ஒரே மைக்கில பாடிப் பழகினதால, ஹார்மனி வரவேண்டிய இடம் வந்தால் இப்பவும் தான் இடப்பக்கம் கொஞ்சம் விலகி நிற்பாராம். வலப்பக்கத்தில ஒருத்தரும் இல்லை எண்டது தெரிஞ்சும்தான்.

இதை அண்ணன் தம்பிப் பாசம் எண்டு மட்டும் நாங்கள் வாசிக்கேல்லை. ஐராவோட இனி ஏலாது எண்டு எழும்பிப் போன அதே ஆள்தான், அவருக்கு மைக்கில இடம் விட்டவர். விட்டுப் போறதும் இடம் விடுறதும் ஒரே மனிசனுக்குள்ள இருக்கலாம். கலைஞனை மன்னிக்கிறதா, தூக்கி எறியிறதா எண்டு நாங்கள் இரவிரவாகச் சண்டை பிடிக்கேக்க, இந்த ரெண்டையும் சேர்த்துச் செய்த ஒருத்தரை நினைச்சுப் பார்க்கலாம்.

கேளுங்கோ. ‘வென் ஐ ஸ்டொப் ட்ரீமிங்’ பாட்டில இருந்து தொடங்குங்கோ. முதல் தரம் கேட்கேக்க உங்கட காது மேல போற குரலுக்குப் பின்னாலதான் ஓடும், அதைத் தடுக்க ஏலாது. ரெண்டாம் தரம் கீழ்க் குரலை மட்டும் பிடிச்சுக்கொண்டு கேளுங்கோ.